பச்சை உடம்புக்காரியின் காலையும் கவனியுங்கள்

குழந்தை பிறந்த வீட்டில் எல்லார் கண்ணும் தொட்டில் மேல்தான். பால் குடிச்சானா, தூங்கினானா, தொப்புள் காய்ஞ்சுதா, உடம்பு மஞ்சளா இருக்கா என்று பத்துப் பேர் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பெற்றவளைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் வயிற்றைப் பற்றியும் பாலைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அவள் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த இதழில் அந்தக் காலைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அம்மா, இந்த இடது கால் ரெண்டு நாளா கனமா இருக்கும்மா. கெண்டைக்கால்ல ஒரே வலி."

"சிசேரியன் பண்ணின உடம்புடி. பன்னிரண்டு நாள் ஆறதுக்குள்ள வலிக்காம இருக்குமா? ராத்திரி பூரா பிள்ளையை மடியில வெச்சுண்டு உட்கார்ந்தா ரத்தம் கட்டிக்கத்தான் செய்யும்."

"வலது கால் சரியாத்தான் இருக்கு. இது மட்டும்தான் வீங்கின மாதிரி இருக்கு."

"நல்லெண்ணெயைக் காய்ச்சி நல்லா அழுத்தி உருவி விடறேன். காலையில சரியாயிடும் பாரு."

அம்மாவின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 'ரத்தம் கட்டிக்கொண்டிருக்கும்' என்று அம்மா சாதாரணமாகச் சொன்னாளே, சில பெண்களுக்கு அது அப்படியே உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் காலை அழுத்தி உருவவே கூடாது.

உள்ளே நடப்பது என்ன?

இதயத்திலிருந்து ரத்தத்தை உடம்புக்குக் கொண்டு போகிற குழாய்கள் தமனிகள். உடம்பிலிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள். கால் சிரைகளில் சில தோலுக்கு அடியிலேயே பச்சைப் பச்சையாகத் தெரியும். பெரிய சிரைகளோ தசைக்குள்ளே ஆழத்தில் ஓடுகின்றன; வெளியே தெரியாது.

காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது மாதிரி இதற்கும் ஒரு விசை தேவை. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் இந்தப் பம்பு வேலை செய்யாது. ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் சில பேருக்கு ஆழமான சிரைக்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும். இதைத்தான் 'டீப் வெயின் த்ராம்போஸிஸ்', சுருக்கமாக 'டி.வி.டி.' என்கிறார்கள். ஆழ்சிரை ரத்த உறைவு என்று தமிழில் சொல்லலாம்.

கட்டி காலிலேயே இருக்கும் வரை வலியும் வீக்கமும்தான். அதிலிருந்து ஒரு துண்டு கழன்றுவிட்டால்தான் பெரிய ஆபத்து. ரத்த ஓட்டத்தோடு தொடை வழியாக வயிற்றின் பெரிய சிரைக்குப் போய், இதயத்தின் வலது பக்கம் நுழைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிற குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சிறு துண்டானால் மூச்சு விடும்போது நெஞ்சு குத்தும். பெரிய துண்டானால் சில நிமிஷங்களில் உயிரே போகக்கூடும். இதற்குப் பெயர் 'பல்மனரி எம்பாலிஸம்'. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. காலில் உண்டான கட்டி நுரையீரலை அடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் ஏன்?

இது யாருக்கும் வரலாம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமியாருக்கு வரலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வரலாம். ஆனால் இளம் வயதுப் பெண்களுக்கு இது வருகிற முக்கியமான காலம் கர்ப்பமும், அதைவிட அதிகமாகப் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களும்தான். நம் பெரியவர்கள் 'நாற்பது நாள் பச்சை உடம்பு' என்று ஒரு கணக்கு வைத்தார்களே, அந்தக் கணக்கும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. அதற்குப் பிறகு ஆபத்து குறைகிறது என்றாலும், 12 வாரம் வரை ஓரளவு இருக்கவே செய்கிறது.

மேல்நாட்டுக் கணக்குப்படி ஆயிரம் கர்ப்பிணிகளில் ஒன்றிரண்டு பேருக்கு இந்த உறைவு ஏற்படுகிறது. ஆகவே எல்லாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும் இல்லையா?

ருடால்ஃப் விர்ச்சோ என்று ஒரு ஜெர்மன் மருத்துவர். காலில் உண்டாகும் கட்டிதான் கழன்று போய் நுரையீரலை அடைக்கிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே விளக்கியவர் அவர். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் தேதியைத்தான் 2014-லிருந்து உலக ரத்த உறைவு நாளாக வைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை அவர் பெயரால் சொல்வார்கள். ஒன்று, ரத்தம் தேங்குவது. இரண்டு, ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மை அடைவது. மூன்று, குழாயின் உட்சுவரில் காயம்.

பிரசவித்த பெண்ணிடம் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகிவிடக் கூடாதே என்று இயற்கையே கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் உறையும் சக்தியைக் கூட்டி வைக்கிறது. நல்லதற்குச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அது பிரசவமான மறுநாளே மாறிவிடுவதில்லை. பெரிதான கர்ப்பப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதால் கால் ரத்தம் மெதுவாகத்தான் மேலே ஏறுகிறது. பிரசவத்தின்போதோ சிசேரியனின்போதோ இடுப்புப் பக்கத்துக் குழாய்கள் நசுங்கிக் காயப்படவும் கூடும்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வரும். வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் மேல் குறுக்கே ஏறிப் போகிறது. ஏற்கனவே அங்கே ஒரு அழுத்தம். அதோடு கர்ப்பப்பையின் பாரமும் சேர்ந்தால் இடது பக்கம்தான் முதலில் தேங்கும்.

சிலருக்கு அபாயம் கூடுதல். சிசேரியன் ஆனவர்கள், 35 வயதுக்கு மேல் பிள்ளை பெற்றவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை பெற்றவர்கள், கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு வந்தவர்கள், பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள், பிரசவத்துக்குப் பின் காய்ச்சலும் சீழும் கண்டவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். தனக்கோ, அம்மா, அக்கா, தங்கைக்கோ முன்பு இப்படிக் கட்டி வந்திருந்தால் அதை முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

'பால் கால்' என்ற பழைய நம்பிக்கை

பிரசவித்தவள் கால் வீங்குவது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 1784-லேயே மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் ஒயிட் என்ற மருத்துவர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அந்த நாட்டு ஜனங்கள் இதை 'பால் கால்' என்று அழைத்தார்கள். மார்புக்குப் போக வேண்டிய பால் வழி தவறிக் காலில் இறங்கிவிட்டது என்று நம்பினார்கள்! 1940-களுக்கு முன்னால் மேல்நாடுகளிலும் பிள்ளை பெற்றவளைப் பத்து நாள், பதினைந்து நாள் படுக்கையை விட்டு எழவிடாமல்தான் வைத்திருந்தார்கள். சீக்கிரம் எழுந்து நடந்தால் கெடுதல் இல்லை, நன்மையே என்று அதன் பிறகுதான் அங்கேயும் வழக்கம் மாறியது.

நம் வீடுகளில் இன்னும் இரண்டு பழக்கங்கள் மாற வேண்டியிருக்கிறது. ஒன்று, பிள்ளை பெற்றவளை எழுந்திருக்க விடாமல் படுக்க வைப்பது. அவளுக்கு ஓய்வு தேவை, சந்தேகமில்லை. தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், மாவாட்ட வேண்டாம், வந்த விருந்தாளிக்கெல்லாம் காபி போட வேண்டாம். ஆனால் ஓய்வு வேறு, அசையாமல் கிடப்பது வேறு. வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நாலு நடை நடக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று தாகத்தில் தவிப்பவளுக்குக் கூட அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடுகிறார்கள். பால் கொடுக்கிறவளுக்கு நீர் அதிகமாகவே தேவை. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும்; உறைவதற்கு வழி கிடைக்கும். பிரசவித்த பெண்களுக்கு மூளைச் சிரைகளில் கூட இப்படி உறைந்து, தாங்க முடியாத தலைவலியும் வலிப்பும் வருவதுண்டு. ஆகவே பூண்டு ரசம் கொடுங்கள், லேகியம் கொடுங்கள், காய்ச்சி ஆறின தண்ணீரையும் தாகம் தீரக் கொடுங்கள். அவள் வயிறு பெருப்பதற்குத் தண்ணீர் காரணமே இல்லை.

எப்படிக் கண்டுகொள்வது?

கர்ப்பத்தின் கடைசியிலும் பிரசவத்தை அடுத்தும் இரண்டு பாதமும் சமமாக வீங்குவது சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். அடையாளங்கள் இவை:

ஒரு கால் மட்டும் கனத்து வீங்கியிருக்கும். கெண்டைக்காலிலோ தொடையிலோ வலிக்கும். நடந்தால், நின்றால் கூடும். தொட்டால் மற்றக் காலை விடச் சூடாக இருக்கும். தோல் சிவந்தோ லேசாக நிறம் மாறியோ இருக்கலாம். சிலருக்கு இடுப்பு, அடிவயிறு, தொடை இடுக்கு என்று வலி மேலே கூட இருக்கும்.

தையல் நாடா இல்லாத வீடு உண்டா? இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டர், அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வித்தியாசம் இல்லை என்பதற்காக வலியை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

நுரையீரலுக்குக் கட்டி போய்விட்டதற்கான அடையாளங்கள் வேறு. திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் சுருக்கென்று குத்துவது, நெஞ்சு படபடப்பது, இருமலில் ரத்தம் வருவது, தலை சுற்றி மயங்கி விழுவது. 'வாயுப் பிடிப்பு' என்று பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போனதும், "பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கால் வீக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். டாக்டர் நினைக்க வேண்டிய திசையை அந்த இரண்டு வாக்கியங்களே காட்டிவிடும்.

உருவி விடலாமா?

கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தடவி அழுத்தி உருவுவது, சுளுக்கு எடுப்பது, காலால் மிதித்து விடுவது, ஒத்தடம் கொடுத்துத் தேய்ப்பது எதுவும் வேண்டாம். குழாய்ச் சுவரில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டியை நாமே கழற்றி மேலே அனுப்புவதாக ஆகிவிடலாம். குளிப்பாட்ட வருகிற அம்மாளிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் பற்றி அல்ல இங்கே பேச்சு. வீங்கின காலைப் பற்றித்தான். ஸ்கேன் எடுத்துக் கட்டி இல்லை என்று தெரிந்த பிறகு எண்ணெய் தடவிக்கொள்ளலாம். எண்ணெய் எங்கும் ஓடிப்போகாது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் காலுக்கு டாப்ளர் ஸ்கேன். வயிற்றுக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரிதான். வலி கிடையாது, பால் கொடுப்பதற்கும் தடை கிடையாது. நுரையீரலில் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

கட்டி இருப்பது உறுதியானால் ஹெபாரின் வகை ஊசி. இப்போது அதிகம் போடுவது எனாக்ஸாபரின் போன்ற ஊசிகள். வயிற்றுத் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியால் போடுவார்கள். பல பேர் நர்ஸிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள். தொப்புளை ஒட்டியும் ஆபரேஷன் தழும்பின் மேலும் போடக் கூடாது. ஒரு வேளை இடது பக்கம், மறு வேளை வலது பக்கம் என்று மாற்ற வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. அங்கங்கே நீலமாகக் கன்றினால் பயப்பட வேண்டாம்.

"இந்த ஊசி போட்டா பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாதே" என்று பாட்டி சொல்வாள். ஹெபாரின் ஊசியால் பால் குடிக்கும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கர்ப்பிணிக்குப் போட்டாலும் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. ஆகவே தைரியமாகப் பால் கொடுக்கலாம்.

மருந்து ஆரம்பித்த பிறகு படுக்கையிலேயே கிடக்க வேண்டுமா? முன்பு அப்படித்தான் சொன்னார்கள். அசைந்தால் கட்டி கழன்றுவிடும் என்ற பயம். ஊசி ஆரம்பித்த பிறகு நடப்பதால் அந்த ஆபத்து கூடுவதில்லை என்று பின்னால் தெரிந்துவிட்டது. டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடமாட வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டால் வீக்கத்துக்குச் சுகமாக இருக்கும்.

எலிப் பாஷாணம் மருந்தான கதை

சில நாளில் ஊசியோடு மாத்திரையும் ஆரம்பிப்பார்கள். வார்ஃபரின், அல்லது அதே வகையைச் சேர்ந்த அசினோகௌமரால். "இது எலி மருந்தாமே!" என்று யாராவது பயமுறுத்துவார்கள். அதுவும் பொய்யில்லை. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒரு வகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. 1933-ல் விஸ்கான்ஸின் மாகாணத்து விவசாயி ஒருவர், உறையாத மாட்டு ரத்தத்தைப் பால் கேனில் நிரப்பிக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்பவர் பல வருஷம் உழைத்து அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலிகளைக் கொல்லக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே இதைக் கொடுத்தார்கள். அளவு தப்பினால் விஷம், அளவோடு இருந்தால் மருந்து. அதனால்தான் இந்த மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

அந்தப் பரிசோதனையின் பெயர் ஐ.என்.ஆர். இந்தக் கட்டிக்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும். கூடினால் ரத்தம் கசியும். மாத்திரை முழுப் பலன் தர ஐந்தாறு நாளாகும் என்பதால் அதுவரை ஊசியையும் சேர்த்தே போடுவார்கள். "ரெண்டும் எதுக்கு?" என்று ஊசியை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில சொற்கள்:

தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். காலண்டரில் டிக் போட்டு வையுங்கள். மறந்து போனது அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் நினைவு வந்தால் விட்டுவிடுங்கள். சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

முருங்கைக்கீரை, பசலைக்கீரை, கொத்தமல்லி போன்றவற்றில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. அது இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் சாப்பிடுங்கள். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் தினமும் கீரைக் கூட்டு என்றால்தான் கணக்கு குழம்பும்.

தலைவலி, கால்வலிக்குக் கடையில் நீங்களே வாங்கும் ஆஸ்பிரின், புரூஃபென் போன்றவை வேண்டாம். வயிற்றில் ரத்தம் கசியலாம். நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஈறில் ரத்தம், கறுத்த மலம், சிறுநீரில் சிவப்பு, நிற்காத உதிரப்போக்கு, கடுமையான தலைவலி கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். ஆனால் கர்ப்பத்தில் அது ஆகாது; வயிற்றுக் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக்கூடும். மாத்திரை நடக்கும்போது நாள் தள்ளிப்போனால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்ற புது மாத்திரைகள் மற்றவர்களுக்குச் சௌகரியமானவை. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் தருவதில்லை. பக்கத்து வீட்டு மாமாவின் சீட்டைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

வீக்கம் வற்றியதும் நிறுத்தலாமா?

பெரும்பாலான ஆபத்து இந்த இடத்தில்தான் வருகிறது. பத்து நாளில் வீக்கம் வற்றும். வலி போகும். ஊசிக்கு ஆகிற செலவு கண்ணை உறுத்தும். "கால்தான் நல்லாயிடுத்தே, இன்னும் எதுக்குப் பணத்தைக் கொட்டணும்?" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். மருந்து நிற்கும்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் இப்படிச் செய்ய மனம் வராது. இந்த ஊசியும் மாத்திரையும் கட்டியைக் கரைப்பவை அல்ல. இருக்கிற கட்டி வளராமலும் புதிதாக உண்டாகாமலும் காவல் காப்பவை. கட்டியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். காவல்காரனைப் பத்தாம் நாளே அனுப்பிவிட்டால் பாதி கரைந்த கட்டி மறுபடி வளர ஆரம்பிக்கும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 1960-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி உண்டு. நுரையீரலில் கட்டி அடைத்த 35 பேர். மருந்து கிடைக்காத 19 பேரில் 5 பேர் மீண்டும் கட்டி அடைத்து இறந்தார்கள். இன்னும் 5 பேருக்கு மறுபடி வந்து பிழைத்தார்கள். மருந்து கொடுத்த 16 பேரில் ஒருவர் கூட அந்த அடைப்பால் இறக்கவில்லை. இதைப் பார்த்த பிறகு மருந்து கொடுக்காமல் சோதிக்க டாக்டர்களுக்கு மனம் வரவில்லை.

குறைந்தது 3 மாதம் மருந்து வேண்டும். கர்ப்பத்தில் வந்திருந்தால் பிரசவம் வரையும், அதற்குப் பின் குறைந்தது 6 வாரமும் தொடர வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். பணம் தட்டுப்பாடு என்றால் வெட்கப்படாமல் அவரிடமே சொல்லுங்கள். ஊசிக்குப் பதில் விலை குறைந்த மாத்திரைக்கு மாற்ற முடியும். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கவும் முடியும். சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு.

வராமலே தடுக்க

சிசேரியன் ஆனவர்கள் முதல் 24 மணி நேரத்துக்குள் கைத்தாங்கலாக எழுந்து நிற்கவும் நாலடி வைக்கவும் முயல வேண்டும். தையல் பிரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். எழ முடியாதபோது படுத்தபடியே இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னுமாக மடக்கி நீட்டுங்கள், ஒரு மணிக்கு ஒருதரம் இருபது தடவை. தையல் மிஷின் மிதிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். பால் கொடுத்துவிட்டு அப்படியே ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம். முன்பு சொன்ன அபாயங்கள் உள்ளவர்களுக்குத் தடுப்பு ஊசி சில நாளோ சில வாரமோ போடச் சொல்வார்கள், "வியாதியே இல்லையே, ஊசி எதுக்கு?" என்று மறுக்காதீர்கள். பிரசவத்துக்கு அம்மா வீடு போகவும், பிறகு திரும்பவும் நெடுந்தூரம் பிரயாணம் செய்பவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது.

ஒரு முறை கட்டி வந்தவர்கள் ஆயுள் முழுக்க நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஆகாது. காப்பர் டி போன்ற வேறு வழி கேளுங்கள். கல்யாணம், கோயில் யாத்திரை என்று வீட்டு விலக்கைத் தள்ளிப்போடக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, அதையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. யாத்திரையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு, அடுத்த கர்ப்பம் தரித்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் பழைய சீட்டுகளைக் காட்டுங்கள். தடுப்பு ஊசியோடு நல்லபடியாக மறுபடி பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். பழைய சீட்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்றவள் தன் வலியைத் தானே சின்னதாக்கிச் சொல்வாள். குழந்தையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவா என்று தயங்குவாள். ஆகவே அவள் சொல்லும் வரை காத்திருக்காமல் தினமும் ஒரு தடவை நீங்களே கேளுங்கள்: "ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கா? மூச்சு சரியா இருக்கா?" குழந்தையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்ட பிறகு, நாற்பது நாளும் இந்த இரண்டு கேள்வி. கேட்க அரை நிமிஷம் கூட ஆகாது.